சுவாமிஜியின் வாழ்வில் உடற்பயிற்சியும் ஓய்வும்

ஆன்மீக வாழ்வை விரும்புவோரில் பலருக்கு உடலைப் பற்றி ஒரு தயக்கம் உண்டு. உடல் அழியக்கூடியது, அதைப் பேணச் செலவிடும் நேரத்தை ஜபத்திற்கோ பாராயணத்திற்கோ தந்தால் பயன் மிகுதி என்று அவர்கள் எண்ணுகிறார்கள். விளையாட்டு சிறுவர்களுக்கு உரியது, ஓய்வு சோம்பேறிகளுக்கு உரியது என்ற எண்ணமும் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. மறுபுறம், உடலழகையே வாழ்வின் குறிக்கோளாகக் கொண்டு காலத்தைக் கழிப்போரையும் காண்கிறோம். இவ்விரு சாராரும் நிதானமாகப் படிக்க வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. அது சுவாமி விவேகானந்தருடைய வாழ்க்கை.

சிகாகோ மேடையில் நின்ற சுவாமிஜியை நாம் நன்கு அறிவோம். மற்போர்க் களத்தின் மண்ணில் புரண்ட நரேந்திரனையும், அல்மோரா மலைப்பாதையில் குதிரையேறிச் சென்ற நோயாளியையும், ஆட்டுக்குட்டியுடன் ஓடி விளையாடிய துறவியையும் அந்த அளவுக்கு அறிந்தவர்கள் சிலரே. அவரது வாழ்வில் உடல் வகித்த இடத்தை மட்டும் தனியே எடுத்து, பிறப்பு முதல் மகாசமாதி வரை இங்கே பின்தொடர்வோம். அதில் மகிழ்ச்சி தரும் பகுதியும் உண்டு, மனத்தை வருத்தும் பகுதியும் உண்டு.

சிமுலியாவின் சிறுவன்

நரேந்திரநாத் தத்தர் 1863ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் கல்கத்தாவின் சிமுலியா பகுதியில் பிறந்தார். தந்தை விசுவநாத தத்தர் உயர்நீதிமன்ற வழக்கறிஞர். தாய் புவனேசுவரி தேவி. குழந்தைப் பருவத்தில் நரேந்திரனின் துறுதுறுப்பு வீட்டாரைத் திணறச் செய்தது. கட்டுக்கடங்காமல் போகும்போது அன்னையார் சிவநாமத்தைச் சொல்லிக்கொண்டே குழந்தையின் தலையில் குளிர்ந்த நீரை ஊற்றுவார், குழந்தை அடங்கிவிடும். அந்தத் துறுதுறுப்பை அடித்து ஒடுக்க அவர் முற்படவில்லை. பிற்காலத்தில் உலகைச் சுற்றிவந்த ஆற்றலின் முதல் வடிவம் அது என்று அப்போது யார் அறிந்திருந்தார்கள்!

கோலி விளையாடுவது, ஓடுவது, தாண்டுவது, மரம் ஏறுவது என்று எல்லாவற்றிலும் நரேந்திரனே முன்னணியில் நின்றான். அரசன் விளையாட்டு என்றால் அவன்தான் அரசன். பக்கத்து வீட்டுச் செண்பக மரத்தில் தலைகீழாகத் தொங்குவது அவனுக்கு மிகவும் பிடித்த பொழுதுபோக்கு. மரத்தில் பிரம்மராட்சசன் இருப்பதாகச் சொல்லி அந்த வீட்டு முதியவர் பயமுறுத்தியபோது மற்றச் சிறுவர்கள் ஒதுங்கினர். நரேந்திரன் மீண்டும் மரத்தில் ஏறினான். தியானமும் அவனுக்கு ஒரு விளையாட்டாகவே தொடங்கியது. நண்பர்களுடன் கண்மூடி அமர்ந்திருந்தபோது நாகம் ஒன்று வர, மற்றவர்கள் அலறி ஓடினர். நரேந்திரன் மட்டும் அசையாமல் அமர்ந்திருந்தான். விளையாட்டில் தோய்ந்த மனமே தியானத்திலும் தோய்ந்தது. முழு ஈடுபாடு என்ற பண்பை அவன் முதலில் கற்றது விளையாட்டில்தான் என்று கருத இடமுண்டு.

பயிற்சிக் கூடமும் மற்போர்க் களமும்

சற்று வளர்ந்ததும் நரேந்திரன் தன் வீட்டு முற்றத்திலேயே நண்பர்களைக் கூட்டி உடற்பயிற்சி செய்யலானான். உறவினர் வீட்டுப் பையன் ஒருவனுக்குக் கை முறிந்ததும் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. அதன் பிறகு நண்பர்களுடன் அதே பகுதியில் நவகோபால் மித்ரர் நடத்திவந்த பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தான். 1867இல் இந்து மேளாவைத் தொடங்கியவர்களுள் ஒருவர் மித்ரர். வங்காள இளைஞர்கள் வலுவற்றவர்கள் என்று ஆங்கிலேயர் ஏளனம் செய்த காலம் அது. அந்த இகழ்ச்சிக்கு விடையாக உடற்பயிற்சியைப் பரப்புவதை அவர் தேசப்பணியாகவே கருதினார்.

அந்தக் கூடத்தில் ஒருநாள் ஊஞ்சற்பயிற்சிக்கான கனத்த மரச்சட்டத்தை நிறுத்த இளைஞர்கள் முயன்றுகொண்டிருந்தார்கள். கூடி வேடிக்கை பார்த்தவர்களுள் ஓர் ஆங்கிலேய மாலுமியும் இருந்தார். நரேந்திரன் அழைக்கவே அவரும் கைகொடுத்தார். எதிர்பாராத விதமாகச் சட்டம் சரிந்து மாலுமியின் மேல் விழுந்தது. அவர் இரத்தம் வழிய மயங்கினார். இறந்துவிட்டார் என்று எண்ணிப் பலரும் ஓட்டம் பிடித்தனர். நரேந்திரனும் ஓரிரு நண்பர்களும் மட்டுமே எஞ்சினர். தன் உடையைக் கிழித்துக் காயத்தைக் கட்டி, முகத்தில் நீர் தெளித்து, மயக்கம் தெளிவித்து, அருகிலிருந்த பள்ளிக்கூடத்திற்கு எடுத்துச் சென்று, மருத்துவரை அழைத்து, ஏறத்தாழ ஒரு வாரம் அவருக்குப் பணிவிடை செய்தான். அவர் குணமடைந்து புறப்பட்டபோது நண்பர்களிடம் சிறுதொகை திரட்டி வழிச்செலவுக்கும் கொடுத்தான்.

இந்த நிகழ்ச்சியைச் சற்றுச் சிந்திப்பது நல்லது. பயிற்சிக் கூடத்திற்கு நரேந்திரன் சென்றது தோள்வலிமை பெறுவதற்காக. அங்கே அவனிடம் வெளிப்பட்டதோ, நெருக்கடியில் நிலைகுலையாத மனமும், துன்புறுபவரை விட்டு ஓடாத நெஞ்சமும். வலிமை கருணையின் கையில் இருக்கும்போது அது சேவையாகிறது. பிற்காலத்தில் இயக்கமாக மலர்ந்த சேவையின் சிறு முன்னோட்டத்தை அந்த மரச்சட்டத்தின் அடியில் காணலாம்.

அம்பிகா சரண் குகரின் மற்போர்க் களத்திலும் நரேந்திரன் பயின்றான். பின்னாளில் சுவாமி பிரம்மானந்தராக விளங்கிய ராக்காலும் மற்போர் பழகியவரே. கம்பு சுழற்றுதல், குத்துச்சண்டை, நீச்சல், படகு வலித்தல் ஆகியவற்றிலும் நரேந்திரன் தேர்ச்சி பெற்றான். கங்கைக் கரையில் வளர்ந்த சிறுவனுக்கு நீர் அச்சம் தரும் ஒன்றாக இருக்கவில்லை. இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ராய்ப்பூரும் இசையும்

1877இல் தந்தையின் பணி காரணமாகக் குடும்பம் மத்திய மாகாணத்தின் ராய்ப்பூருக்குச் சென்றது. அங்கே நரேந்திரனுக்கு ஏற்ற பள்ளி இல்லை. ஆனால் அந்தக் காலம் வீணாகவில்லை. தந்தை அவனுடன் உரையாடினார், வாதிட்டார், சமையல் கற்றுக்கொடுத்தார். சதுரங்கத்திலும் அவன் தேறினான். காடுகளின் ஊடே மாட்டுவண்டியில் சென்ற அந்த நெடும்பயணமே அவனுக்கு ஒரு பாடமாக அமைந்தது. பாறைப் பிளவு ஒன்றில் தொங்கிய மாபெரும் தேன்கூட்டைக் கண்டு, படைத்தவனின் எல்லையற்ற ஆற்றலை எண்ணி, அவன் வெகுநேரம் தன்னை மறந்த நிலையில் இருந்தான். 1879இல் குடும்பம் கல்கத்தா திரும்பியபின், விட்டுப்போன பாடங்களை விரைந்து படித்து நுழைவுத்தேர்வில் முதல் வகுப்பில் தேறினான். பாடப்புத்தகத்திலிருந்து விலகியிருந்த அந்த இரண்டு ஆண்டுகள் அவனது அறிவை மழுங்கச் செய்யவில்லை, கூர்மையாக்கின.

இசையும் முறைப்படி பயின்ற கலைதான். பேணி குப்தர், அகமத் கான் ஆகியோரிடம் வாய்ப்பாட்டும் வாத்தியங்களும் கற்றான். பக்கவாஜும் தபேலாவும் அவன் விரல்களுக்குப் பழக்கமாயின. 1881 நவம்பரில் சுரேந்திரநாத் மித்ரரின் இல்லத்தில் ஸ்ரீராமகிருஷ்ணரின் முன்னால் நரேந்திரனைக் கொண்டுவந்து நிறுத்தியது இந்த இசைதான். பாடுவதற்கு ஒருவர் தேவைப்பட்டதால் அவர் அழைக்கப்பட்டார். அவர் பாட, குருதேவர் தம் சீடரை அடையாளம் கண்டுகொண்டார். ஓய்வுக்கென்று கற்ற கலை, வாழ்வின் கதவையே திறந்தது.

தட்சிணேசுவரத்திலும் சிரிப்புக்குக் குறைவில்லை. குருதேவர் வேடிக்கையாகப் பேசுவார், நடித்துக் காட்டுவார். இளைஞர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அடுத்த கணமே அவர் சமாதியில் ஆழ்ந்துவிடுவார். சிரிப்பும் சமாதியும் ஒரே அறையில் இடம்பெற்ற அந்தச் சூழலில்தான் நரேந்திரர் ஆன்மீகம் பயின்றார். முகத்தைச் சுளித்துக்கொள்வதே துறவு என்ற எண்ணம் அவருக்கு ஒருநாளும் ஏற்படவில்லை.

பசியும் நெடும்பயணமும்

1884 பிப்ரவரியில் தந்தை மறைந்தார். குடும்பம் வறுமையில் விழுந்தது. வேலை தேடி வெறும் வயிற்றுடன் கல்கத்தா வீதிகளில் நரேந்திரர் அலைந்தார். 1886 ஆகஸ்ட் 16ஆம் நாள் குருதேவர் மகாசமாதி அடைந்தபின், வராகநகர மடத்தில் இளம் துறவியர் மேற்கொண்ட தவம் கடுமையானது. உணவு இல்லாத நாட்களும் உண்டு. உறங்காத இரவுகளும் உண்டு. மற்போர்க் களத்தில் உருவான உடல் அதைத் தாங்கியது. ஆனால் அன்று தொடங்கி அந்தச் சேமிப்பு கரையலாயிற்று.

1890இல் இமயமலைப் பயணத்தின்போது அல்மோராவுக்கு அருகில் பசியால் சோர்ந்து விழுந்தார். இடுகாட்டில் வசித்த முஸ்லிம் பக்கிரி ஒருவர் வெள்ளரிக்காய் தந்து அவரைக் காப்பாற்றினார். அதே ஆண்டில் ரிஷிகேசத்தில் நோய் முற்றி உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. பின்னர் மீரட்டில் சகோதரத் துறவியருடன் தங்கி, சமைத்தும் படித்தும் பாடியும் உடல் தேறினார். அங்கிருந்து 1891 தொடக்கத்தில் தனியாகப் புறப்பட்டவர், ராஜபுதனம், கூர்ஜரம், மகாராஷ்டிரம், மைசூர் வழியாக 1892இன் இறுதியில் கேரள மண்ணை அடைந்தார்.

நெய்யாற்றின் நாட்டில்

எர்ணாகுளத்தில் சட்டம்பி சுவாமிகளைச் சந்தித்து, சின்முத்திரையின் பொருளைப் பற்றி உரையாடிய செய்தி பலரும் அறிந்ததே. சட்டம்பி சுவாமிகளும் இளமையில் உடலை நன்கு பயிற்றியவர், இசையில் தோய்ந்தவர். டிசம்பர் 13ஆம் நாள் சுவாமிஜி திருவனந்தபுரம் வந்து பேராசிரியர் சுந்தரராம ஐயரின் இல்லத்தில் தங்கினார். அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் பாலைத் தவிர அவர் எதுவும் உட்கொண்டிருக்கவில்லை. அப்படியிருந்தும், தம்முடன் துணையாக வந்த முஸ்லிம் பணியாளருக்கு முதலில் உணவு கிடைக்க வேண்டும் என்பதிலேயே கருத்தாக இருந்தார். தம் உடலைப் பற்றிய கவலையைவிடப் பிறர் பசியைப் பற்றிய கவலை அவருக்கு எப்போதும் முந்தி நின்றது.

டிசம்பர் 22ஆம் நாள் மன்மதநாத பட்டாசாரியருடன் அவர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலை நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து செல்கிறது. அந்தச் சாலைக்குக் கிழக்கே, நெய்யாற்றை ஒட்டிய மேட்டு நிலத்தில் பெருங்கடவிளை அமைந்துள்ளது. அதன் அருகே, ஆறு பாறைகளின் மேல் சரிந்து ஓடும் அருவிப்புறத்தில், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு 1888 சிவராத்திரியன்று ஸ்ரீநாராயண குரு ஆற்றில் மூழ்கி எடுத்த கல்லைச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்திருந்தார். தாழ்த்தி வைக்கப்பட்ட மக்கள் நிமிர்ந்து நிற்கத் தொடங்கிய இடம் அது.

இந்த மண்ணுக்கு உடற்கலையில் தனி மரபு உண்டு. நெய்யாறு பிறக்கும் அகத்திய மலையை நோக்கியபடி, அகத்தியரைத் தங்கள் ஆதிகுருவாகப் போற்றும் ஆசான்மார்கள் தென்திருவிதாங்கூர் ஊர்களில் அடிமுறையும் வர்மமும் கற்பித்து வந்தார்கள். அந்த மரபில் இரண்டு செய்திகள் நமக்குப் பாடமாக உள்ளன. அடிக்கக் கற்ற ஆசானே வைத்தியமும் கற்றிருக்க வேண்டும். எந்த வர்மத்தில் தட்டினால் உடல் செயலிழக்கும் என்பதை அறிந்தவர், எந்த வர்மத்தைத் தடவினால் அது மீளும் என்பதையும் அறிந்திருப்பார். அடுத்தது, பயிற்சியோடு எண்ணெயும் தடவலும் பத்தியமும் ஓய்வும் இணைந்தே வரும். களரியில் மழைக்காலத்து உழிச்சில் முடிந்ததும் நல்லிருப்பு என்ற ஓய்வு நாட்களைக் கடைப்பிடிக்காமல் யாரும் எழுந்து ஓட மாட்டார்கள். உழைப்பு எவ்வளவு, ஓய்வு எவ்வளவு என்ற கணக்கை அந்த எளிய ஆசான்மார்கள் தவறவிடவில்லை. அந்தக் கணக்கை மீறிய ஒரு வாழ்க்கையே அன்று அவ்வழியாகத் தெற்கே சென்றது.

கடல் நடுவே

கன்னியாகுமரியில் அன்னையை வணங்கியபின், கரையிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவில் இருந்த பாறையைச் சுவாமிஜி கண்டார். படகுக்காரருக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லை. சுறாக்கள் திரியும் கடலில் குதித்து அவர் நீந்திச் சென்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் வரலாறு. மூன்று கடல்களும் கூடும் அந்த இடத்தின் அலைகளை நேரில் கண்டவர்கள், அது எத்தகைய செயல் என்பதை உணர்வார்கள். அந்தப் பாறையில் அமர்ந்துதான், டிசம்பர் 25, 26, 27 ஆகிய மூன்று நாட்கள், பாரதத்தின் நேற்றையும் இன்றையும் நாளையும் அவர் தியானித்தார். கங்கையில் சிறுவன் கற்ற நீச்சல், துறவியைத் தம் தியானபீடத்திற்குக் கொண்டுசேர்த்தது. இளமையில் கற்ற எந்த நல்ல பயிற்சியும் எப்போது எதற்குத் துணைநிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

மேலைநாட்டில் உழைப்பும் இளைப்பாறலும்

1893 மே 31ஆம் நாள் பம்பாயில் கப்பலேறினார். சிகாகோவில் செப்டம்பர் 11ஆம் நாள் உலகம் அவரை அறிந்தது. அதன் பின் தொடங்கியது இடைவிடாத உழைப்பு. சொற்பொழிவு நிறுவனம் ஒன்றின் ஏற்பாட்டில் ஊர் ஊராகப் பயணம், நாள்தோறும் கூட்டம், பழகாத குளிர், பழகாத உணவு. பிறகு நியூயார்க்கில் தனி வகுப்புகள். இரண்டே ஆண்டுகளில் உடல் தளர்ந்தது.

1895 ஜூனில் நண்பர் லெகெட்டின் அழைப்பை ஏற்று, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஏரிக்கரைக் காடு ஒன்றில் சில நாட்கள் தங்கினார். அங்கிருந்து ஆயிரம் தீவுப் பூங்காவுக்குச் சென்று ஏறத்தாழ 7 வாரங்கள் கழித்தார். உடனிருந்த மாணவர்கள் ஒரு டஜன் பேர். மரங்களிடையே நடந்தார், தாமே சமைத்துப் பரிமாறினார், வேடிக்கை பேசினார், ஆழ்ந்த தியானத்தில் அமர்ந்தார். மேடையில்லாத, அவசரமில்லாத அந்த வாரங்களில் அவர் கூறியவற்றை மாணவி ஒருவர் குறித்துவைத்தார். அக்குறிப்புகள் பின்னர் நூலாகி இன்றும் சாதகர்களுக்கு வழிகாட்டி வருகின்றன.

1896 கோடையில் சேவியர் தம்பதியருடன் ஆல்ப்ஸ் மலையில் ஓய்வெடுத்தார். பனிமலைகளிடையே நடந்தபோது, இமயமலையிலும் இத்தகைய அமைதியில் ஓர் ஆசிரமம் அமைய வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் வலுப்பெற்றது. 1899 மார்ச்சில் மாயாவதி அத்வைத ஆசிரமம் பிறந்தது. 1899 இலையுதிர் காலத்தில் ரிட்ஜ்லி மாளிகையில் வாரக்கணக்கில் தங்கி ஓய்வு பெற்றபோது, அங்கிருந்த கோல்ஃப் திடலில் சிறுவன் ஒருவனுடன் பந்தயம் கட்டி, ஒரே அடியில் பந்தைக் குழியில் விழச்செய்தார் என்று உடனிருந்தோர் நினைவுகூர்ந்துள்ளனர். அதே இடத்தில்தான் சகோதரி நிவேதிதை காளி அன்னையைப் பற்றிய தமது நூலை எழுதினார்.

சுவாமிஜியின் ஓய்வுக் காலங்களைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். அவர் இளைப்பாறிய ஒவ்வோர் இடத்திலும் ஏதேனும் ஒன்று முளைத்தது. நிலத்தைச் சிறிது காலம் தரிசாகப் போட்டு வைக்கும் உழவர் நிலத்தை மறந்துவிடுவதில்லை. அடுத்த விளைச்சலுக்கு அதை ஆயத்தப்படுத்துகிறார். மனமும் அத்தகைய நிலமே.

சென்னையும் அல்மோராவும்

1897 ஜனவரி 15ஆம் நாள் கொழும்பில் இறங்கிய சுவாமிஜி, பாம்பன், ராமநாதபுரம் வழியாக வந்து, பிப்ரவரி 6ஆம் நாள் சென்னையை அடைந்தார். சென்னைச் சொற்பொழிவு ஒன்றில் அவர் இளைஞர்களிடம் கால்பந்தையும் கீதையையும் இணைத்துப் பேசினார். அந்தக் கருத்தைக் கீதையைத் தள்ளிவைக்கச் சொன்னதாகச் சிலர் தவறாகப் புரிந்துகொள்வதுண்டு. கீதை உபதேசிக்கப்பட்டது போர்க்களத்தில், கேட்டவன் வில்லாளி. நரம்புகள் துவண்டவனுக்கு அந்த அறைகூவல் செவியில் விழும், உள்ளத்தில் இறங்காது. உடல் உறுதியான இளைஞன் அதை எளிதில் உணர்வான் என்பதே சுவாமிஜியின் கருத்து. உபநிடதங்கள் அன்னமய கோசத்தை முதலில் வைத்துப் பேசுவதும் இதே காரணத்தால்தான். முதல் படியில் காலூன்றாதவர் மேற்படிக்கு ஏறுவது எப்படி?

அவர் இதைக் கூறிய நாட்களிலேயே அவரது உடல் தளர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர்கள் நீரிழிவு நோயைக் கண்டறிந்தார்கள். இன்சுலின் அப்போது இல்லை. அது கண்டுபிடிக்கப்பட்டது 1921இல். உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, ஓய்வு ஆகியவையே மருந்து. 1897 மார்ச்சில் டார்ஜிலிங்கில் ஓய்வு. மே முதல் நாள் ராமகிருஷ்ண மிஷன் தொடக்கம். உடனே அல்மோரா.

அல்மோராவில் காலையும் மாலையும் குதிரையேற்றம் மேற்கொண்டார். மற்ற உடற்பயிற்சிகளையும் மீண்டும் தொடங்கினார். சில வாரங்களிலேயே உடல் தேறியது. இளமையில் மற்போர் பயின்ற நாட்களுக்குப் பிறகு இத்தகைய உற்சாகத்தைத் தாம் உணர்ந்ததில்லை என்ற பொருள்பட, மருத்துவர் ஒருவருக்கு மகிழ்ச்சியுடன் கடிதம் எழுதினார். முன்பு வெள்ளரிக்காய் தந்த பக்கிரியைக் கூட்டத்தில் அடையாளம் கண்டு நன்றி பாராட்டியதும் இந்தப் பயணத்தில்தான். உடற்பயிற்சியின்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இன்சுலினின் உதவி குறைவாக இருந்தாலும் உள்வாங்குகின்றன என்று இன்றைய மருத்துவம் விளக்குகிறது. சுவாமிஜி அதைத் தம் உடலில் கண்டுணர்ந்தார். மடத்தின் அன்றாட ஒழுங்கு முறையிலும் தியானத்தோடும் சாஸ்திரக் கல்வியோடும் உடற்பயிற்சிக்கு இடம் வகுத்தார்.

ஆனால் அல்மோராவின் ஓய்வு நிலைக்கவில்லை. பஞ்சாப், காஷ்மீர், ராஜபுதனம் என்று பணி அழைத்தது. 1898 ஆகஸ்ட் 2ஆம் நாள், 12,700 அடிக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள அமரநாதக் குகையை அடைந்து, பனிலிங்கத்தின் முன் பேரனுபவத்தில் திளைத்தார். அந்தக் கடும் பயணத்தில் அவரது இதயம் நின்றுபோயிருக்கக்கூடும் என்றும், அதற்கு மாறாக நிலையாக விரிவடைந்துவிட்டது என்றும் மருத்துவர் ஒருவர் பின்னர் கூறினார். அப்போது அவருக்கு வயது 35.

பேலூரில் கடைசி ஆண்டுகள்

1900 டிசம்பர் 9ஆம் நாள் இரவு, முன்னறிவிப்பு எதுவுமின்றி மேலைநாட்டிலிருந்து பேலூர் திரும்பினார். உணவுக்கான மணி ஒலித்தது, வாயில் பூட்டியிருந்தது. நீரிழிவும் ஆஸ்துமாவும் இதய நோயும் கொண்ட அந்த 37 வயதுத் துறவி, சிமுலியாச் சிறுவனைப்போல வாயிலில் ஏறிக் குதித்து உள்ளே வந்து, சகோதரத் துறவியருடன் அமர்ந்து மகிழ்ச்சியாக உண்டார். உடல் தளர்ந்தாலும் விளையாட்டுள்ளம் தளரவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இறுதி ஆண்டுகளில் மடத்தில் ஒரு சிறு உயிரினக் குடும்பமே அவரைச் சூழ்ந்திருந்தது. பாகா என்ற நாய், பால் தரும் ஆடு, மட்ரு என்ற ஆட்டுக்குட்டி, வாத்துகள், பசுக்கள். மட்ருவின் கழுத்தில் சிறு மணிகளைக் கட்டி, அதனுடன் குழந்தைபோல ஓடி விளையாடுவார். அது இறந்தபோது பெரிதும் வருந்தினார். தோட்டத்தைக் கவனித்தார், புதிய உணவு வகைகளைச் சமைத்துப் பார்த்தார், மடத்தில் மண்வேலை செய்துவந்த சந்தால் மக்களுடன் அமர்ந்து அவர்களது சுகதுக்கங்களைக் கேட்டு, அவர்களுக்கு வயிறார விருந்து அளித்தார். மூச்சுத்திணறல் தூக்கத்தைப் பறித்த இரவுகளுக்கு இடையே இந்தச் சிறு இன்பங்கள் அவருக்கு ஆறுதலாக இருந்தன.

1902 ஜூலை 4. காலையில் ஏறத்தாழ 3 மணி நேரம் தியானம். பிற்பகலில் பிரம்மசாரிகளுக்கு மணிக்கணக்கில் சமஸ்கிருத இலக்கண வகுப்பு. மாலையில் சுவாமி பிரேமானந்தருடன் ஏறத்தாழ 2 மைல் நடை. திரும்பி வந்து மடத்துச் சகோதரர்களுடன் உரையாடல். பின்னர் தம் அறையில் தியானம். இரவு 9 மணியைக் கடந்ததும் மகாசமாதி. வயது 39 ஆண்டுகள், 5 மாதங்கள், 22 நாட்கள். உழைப்பு, கல்வி, நடை, நட்பு, தியானம் ஆகிய அனைத்தும் அந்தக் கடைசி நாளில் அதனதன் இடத்தில் அமைந்திருந்தன.

நாம் எதைப் பின்பற்றுவது?

இங்கே அன்பர்கள் பலரின் உள்ளத்தில் எழும் கேள்வியைத் தவிர்க்க இயலாது. உடலின் அருமையை அவ்வளவு உரக்க எடுத்துரைத்தவர் தம் உடலை ஏன் 40 வயதுக்குள் தேய்த்துவிட்டார்? தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாமல் கொடுத்தார் என்பதே விடை. 20 ஆண்டுகளில் கட்டிய உடலைப் பிறர்க்காகச் செலவிட்டார். கொடுப்பதற்கு அவரிடம் அவ்வளவு வலிமை இருந்தது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. அந்த மற்போர்க் களம் இல்லையென்றால் வராகநகரத் தவமும் பாரதப் பயணமும் கடல் நடுவில் தியானமும் நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

நம் நிலை வேறு. நாம் உடலைச் சேவையில் தேய்ப்பதைவிட, நாற்காலியிலும் தொலைக்காட்சியின் முன்பும் இரவு விழிப்பிலும் தேய்ப்பதே அதிகம். அவரது தியாகத்தைக் காட்டி நமது கவனக்குறைவுக்கு நியாயம் தேடுவது பொருந்தாது. அவர் தம் சீடர்களுக்கு வகுத்த ஒழுங்கே நமக்கு உரியது. கீதையின் ஆறாம் அத்தியாயம் உணவிலும் பொழுதுபோக்கிலும் உழைப்பிலும் உறக்கத்திலும் விழிப்பிலும் அளவறிந்து நடப்பவனுக்கே யோகம் கைகூடும் என்ற கருத்தை வலியுறுத்துகிறது. பொழுதுபோக்கையும் உறக்கத்தையும் யோகத்தின் உறுப்புகளாகவே அது கொள்கிறது.

வயது வந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வாரத்தில் 5 நாட்கள், நாளொன்றுக்கு அரைமணி நேர நடை போதும். ஜபமாலையுடன் அமர்வதற்கு முன் சிறிது நடக்கலாம், சில ஆசனங்கள் செய்யலாம். தேர்வு நெருங்குகிறது என்று பிள்ளைகளின் மாலை விளையாட்டை நிறுத்தும் பெற்றோர், செண்பக மரத்தில் தொங்கிய சிறுவனை ஒருகணம் நினைத்துப் பார்க்கலாம். இல்லறத்தார் வாரத்தில் ஒரு மாலையையேனும் குடும்பத்துடன் பாடுவதற்கும் சிரிப்பதற்கும் ஒதுக்கலாம். முதியவர்கள் ஒரு செடியையோ கன்றையோ பராமரிக்கலாம். சேவை செய்வோர், களைப்பு முற்றும் முன்பே ஓய்வெடுப்பதும் சேவையைச் சார்ந்ததே என்று உணர வேண்டும்.

சுவாமிஜியின் பிறந்தநாளான ஜனவரி 12, 1985 முதல் தேசிய இளைஞர் தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. அன்று அவரது திருவுருவத்திற்கு மாலை அணிவித்தபின், அருகிலுள்ள மைதானத்தில் பிள்ளைகளுடன் சிறிது நேரம் பந்து விளையாடினால் அதுவும் வழிபாடே. இறைவன் நமக்கு அளித்த இந்த உடலென்னும் கருவியைத் தூய்மையாகவும் உறுதியாகவும் காத்து, பிறர் நலனுக்காகப் பயன்படுத்தும் வலிமையைச் சுவாமிஜி நமக்கு அருள்வாராக!